வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு விளையாட்டு

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் இளசுகள் அதிகம். ஏதோ ஒரு வீடியோ விளையாட்டு நிறுவனம் ஒரே வருடத்தில் மூன்றாவது புது விளையாட்டையும் வெளியிட்டுவிட்டதாம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாயைப் பிளப்பார்கள். “இவங்கள் நித்திரையே கொள்ளுறேல்லைப் போல” என்று ஒருத்தி சொல்வாள். “ஆயிரக்கணக்கிலை ஆள் வைச்சிருப்பாங்கள்” என்று இன்னொருவன் விளக்கம் கொடுப்பான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா இருப்பேன். உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். வருடத்துக்கு மூன்று பெரிய காரியமா? நான் கிழமைக்கு ஒன்று, வாராவாரம், வெளியிட்டவள். அதுவும் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், ஊர்காவற்றுறையில், இரண்டாயிரத்து மூன்றில், ஆறு பழைய கணினிகளையும் இருமி இருமி ஓடும் ஒரு ஜெனரேற்றரையும் வைத்துக்கொண்டு. பெருமை அடிக்கிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைக்கலாம். அடிக்கத்தக்க பெருமைதான்.

அது சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். கொழும்பிலிருந்து லொறிகளில் என்னென்னவோ வந்து இறங்கின. பழைய கணினிகளும் வந்தன. நான் வேலணையிலிருந்து தினமும் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் ஒரு வருடக் கணினிப் படிப்பை முடித்திருந்தேன். என் மாமாவின் மகள், என் மச்சாள், நன்றாகப் படம் வரைவாள். இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கணினி வகுப்புத் தொடங்குவது என்று முடிவெடுத்தோம். இடம்தான் இல்லை. ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்பவர்களின் சங்கத்துக்கு ஒரு கட்டடம் இருந்தது. அதில் ஒரு அறை சும்மா கிடந்தது. சும்மா என்றால், பழைய வலைகளும் உடைந்த மிதவைகளும் குவிந்து கிடந்தன. சங்கத் தலைவரிடம் போய்க் கேட்டோம்.

தலைவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம். ஒரு வார்த்தை கூடவும் பேசமாட்டார், குறையவும் பேசமாட்டார்.

“அறை தாறன் ரீச்சர். ஆனா ஒரு கதை. எங்களுக்கு ஐஸ் வைக்க இடம் வேணும். ஐஸ் இல்லாட்டி பிடிச்ச மீனை வந்த விலைக்குத் தள்ளவேண்டிக் கிடக்கு. நத்தாருக்கு முதல் முப்பது பிள்ளையள் ஒழுங்கா வந்தா அறை உங்களுக்கு. வராட்டி ஐசுக்கு. என்ன சொல்லுறியள்?”

“கிறிஸ்மசுக்கிடையிலை முப்பது என்ன அண்ணை, நாப்பது வரும்” என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகும்.

அந்த அறை எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். சண்டையில் தீவை விட்டு ஓடிய நாளிலிருந்து பத்து வருடத்துக்கும் மேலாக அடுத்தவர் வீட்டு விறாந்தைகளில் பாய் விரித்துப் படித்தவள் நான். புத்தகத்தை எங்கே வைப்பது என்றுகூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். மச்சாளும் நானும் அந்த அறையை மூன்று நாள் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியைக் கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரைக்கும் என் கையில் ஒரு கதவின் சாவி இருந்ததில்லை. அதை ஐசுக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை.

முப்பத்துநான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். மூன்றாம் கிழமை பதினேழு பேர் மிஞ்சினார்கள். காரணம் தட்டச்சு. மச்சாள் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளில் தமிழ் எழுத்துகளை எழுதி விசைகளில் ஒட்டியிருந்தாள். அந்த எழுத்து எங்கே, இந்த எழுத்து எங்கே என்று தேடித் தேடித் தட்டுவதற்கு, வெளியே கடல் இருக்கும்போது எந்தப் பிள்ளை வரும்? நானாக இருந்தாலும் வந்திருக்கமாட்டேன்.

எனவே ஒரு விளையாட்டை எழுதினேன். கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை நிரல் என்பார்கள். நான் எழுதிய நிரல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திரையில் ஒரு பனை. பனையிலிருந்து பழம் விழும். பழத்தில் ஒரு எழுத்து இருக்கும். பழம் நிலத்தில் விழுமுன் அந்த எழுத்தைத் தட்டினால் கூடை வந்து ஏந்திக்கொள்ளும். தட்டாவிட்டால் ‘தொப்’. அந்தத் ‘தொப்’ சத்தத்துக்காக மச்சாள் ஒரு தேங்காயை முற்றத்தில் பத்துத் தரம் போட்டாள். விளையாடி முடித்ததும், ஆட்டக்காரர் தன் பெயரைத் தானே தட்ட வேண்டும். புள்ளிகளோடு பெயர் பட்டியலில் ஏறும்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் ஒரு கிழமையில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். “ரீச்சர், வேறை இல்லையோ?” என்று கேட்டாள் ஒரு பெண்பிள்ளை. பத்து வயது, இரட்டைப் பின்னல், கண்ணில் எதுவும் தப்பாது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புது விளையாட்டு வரும்.”

மச்சாள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிந்திவிட்டது. அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது.

இரண்டாவது விளையாட்டை முதலிலிருந்து எழுதினேன். கோழிக்குஞ்சு ஒன்று வேலிகளுக்குள்ளால் வழி கண்டுபிடித்து வீட்டுக்குப் போவது. ஐந்து நாள் பிடித்தது. சாப்பாடு இறங்கவில்லை, கண் சிவந்து போனது. மூன்றாவது விளையாட்டு வரவேண்டிய கிழமை, வியாழக்கிழமை மத்தியானம் என் கையில் ஒன்றும் இல்லை. மச்சாள் மட்டும் நிறைய மீன்களை வரைந்து வைத்திருந்தாள். எதற்கென்று அவளுக்கும் தெரியாது.

“பனம்பழத்தை எடுத்துப்போட்டு மீனை வை” என்றாள், சலிப்போடு.

“மீன் வானத்திலையிருந்தோ விழும்?”

“அப்ப விழுறதைத் திருப்பு.”

திருப்பினேன். மேலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது பக்கவாட்டில் போனது. பனம்பழம் மீனாக நீந்தியது. கூடை வள்ளமாகியது. இரண்டு மணித்தியாலத்தில் விளையாட்டு முடிந்துவிட்டது. மறுநாள் பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாடினார்கள். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. நானும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

என் சக ஊழியர்கள் வாயைப் பிளக்கும் விஷயத்தின் பாதி இதுதான். எலும்புக்கூட்டை ஒருதரம் கட்டிவிட்டால் போதும், பிறகு மேலே தோலை மாற்றிக்கொண்டே இருக்கலாம். பந்தாட்ட விளையாட்டு வருடத்துக்கு வருடம் வருகிறதே, மைதானமா மாறுகிறது? சட்டை மாறுகிறது. மற்றப் பாதி, ஒன்று முடியும்வரை அடுத்ததைத் தொடங்கக் காத்திராதது. பிள்ளைகள் இந்தக் கிழமை விளையாட்டை விளையாடும்போது நான் அடுத்த கிழமைக்கான நிரலைத் திருத்திக்கொண்டிருப்பேன். மச்சாள் அதற்கடுத்த கிழமைக்குப் படம் வரைந்துகொண்டிருப்பாள். ஒன்று இலையில், ஒன்று அடுப்பில், ஒன்று அம்மியில் என்று வைத்துக்கொண்டால் வீட்டில் பசி இருக்காது அல்லவா, அப்படி.

கோழிக்குஞ்சை ஒதுக்கிவிட்டால் என்னிடம் இரண்டு எலும்புக்கூடுகள் இருந்தன. ஒன்று, வருவதை ஏந்துவது. மற்றது, சாய்வதை நிமிர்த்துவது. முதலாவதிலிருந்து பனம்பழம், மீன், யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஆட்களை ஏற்றுவது எல்லாம் வந்தன. இரண்டாவதிலிருந்து முதலில் வந்தது மீன்கூடை: ஒரு பெண் தலையில் மீன்கூடையோடு இறங்குதுறையிலிருந்து சந்தைக்கு நடப்பாள். கூடை இடமும் வலமும் சாயும். எழுத்துகளைச் சரியாகத் தட்டி நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தாவிட்டால் கூடை கவிழும், ஒரு கறுப்புப் பூனை ஓடிவந்து கவ்விக்கொண்டு போகும், மச்சாளின் குரல் சொல்லும்: “இண்டைக்குக் கறி இல்லை!” அந்தப் பூனைக்காகவே வேண்டுமென்று தோற்ற பிள்ளைகள் உண்டு. ஒக்டோபரில் வகுப்பில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். நான் நிலத்தில் நடக்கவில்லை.

பஸ் விளையாட்டு வெளிவந்த அன்று அந்த இரட்டைப் பின்னல் பிள்ளை திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ரீச்சர், ஆக்கள் பஸ்ஸைத் தவறவிடேக்கை ஏன் ‘தொப்’ எண்டு சத்தம் கேக்குது?”

பழைய தேங்காய்ச் சத்தம். மாற்ற மறந்துவிட்டேன். “ஓடிவந்து விழுந்திட்டினம்” என்று சமாளித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த இடத்தில் சிரிக்காமல் யோசித்திருந்தால் பின்னால் வந்ததெல்லாம் வந்திராது.

ஊரில் மாதா கோயில் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கொடி ஏறிவிட்டது. பிள்ளைகளின் வாயில் வேறு கதை இல்லை. பெருநாளன்று மாதாவின் சொரூபத்தை அலங்கரித்த கூட்டில் வைத்து, நான்கு பேர் தோளில் காவிக்கொண்டு வீதி சுற்றுவார்கள். “ரீச்சர், பெருநாளுக்கு ஒரு விளையாட்டு விடுங்கோவன்” என்று எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள்.

மச்சாள் தயங்கினாள். “நாங்கள் சைவம். இதிலை கை வைக்கலாமோ?”

“ஏன் ஏலாது? அவையின்ரை பிள்ளையள்தானே கேக்கினம்.”

மச்சாள் அந்தக் கூட்டை வரைந்தது மாதிரி அவள் வேறெதையும் வரைந்ததில்லை. பூச்சரம், சிறு சிறு விளக்குகள், உள்ளே நீல முக்காட்டோடு ஒரு சின்ன உருவம். நான் மீன்கூடை நிரலைத் திறந்தேன். நடக்கும் பெண்ணை எடுத்துவிட்டு நான்கு பேரை வைத்தேன். கூடையை எடுத்துவிட்டுக் கூட்டை வைத்தேன். சந்தை இருந்த இடத்தில் கோயில். சாயாமல் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோனால் மணி அடிக்கும், வாணம் வெடிக்கும். ஐம்பது தரமாவது விளையாடிப் பார்த்தேன். ஐம்பது தரமும் மணி அடித்தது. மச்சாளும் விளையாடினாள். அவளுக்கும் மணி அடித்தது.

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தலைவரையும் அவர் மனைவியையும் அழைத்தோம். என் ஏற்பாடுதான். தலைவர் கையாலேயே தொடக்கிவைக்கட்டும், அறைப் பேச்சும் அத்தோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பிள்ளைகள் சுற்றிவர நின்றார்கள். தலைவர் வெள்ளைச் சட்டையோடு வந்து கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் கூட்டைக் கண்டதும் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பாய்மரக் கயிற்றைப் பிடித்துக் காய்த்துப்போன விரல். ஒரு விசையைத் தட்டினால் பக்கத்து விசையும் சேர்ந்து விழுந்தது. கூடு சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. கவிழ்ந்தது. கறுப்புப் பூனை ஓடிவந்தது. கவ்விக்கொண்டு போனது. நிறைந்த அறையில் மச்சாளின் குரல் கணீரென்று சொன்னது: “இண்டைக்குக் கறி இல்லை!”

பிள்ளைகளில் யாரோ ஒன்று களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டது. தலைவர் எழுந்தார்.

“எங்கடை மாதாவைப் பூனை தின்னுதோ?”

அந்த இடத்தில் புத்தி உள்ளவள் காலில் விழுந்திருப்பாள். என் வாய் முந்திக்கொண்டது. “இல்லை அண்ணை, நீங்கள் தோத்தபடியால்தான் பூனை வந்தது. வெண்டிருந்தா வந்திராது.”

மச்சாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதுவரை என்னை நீங்கள் என்று பேசிய தலைவர், “திங்கட்கிழமை சாவியைக் கொண்டுவந்து தாரும்” என்றார். சத்தம் போடவில்லை. பிள்ளைகளுக்குக் கண் காட்டினார். ஐந்து நிமிடத்தில் அறை காலியாகிவிட்டது.

மச்சாள் அழுதாள். நான் அழவில்லை, எனக்குக் கோபம். முதலில் தலைவர்மேல், பிறகு பூனைமேல், கடைசியில் சரியான ஆள்மேல். ஐம்பது தரம் விளையாடிப் பார்த்தேனே, ஒருதரமாவது தோற்றுப் பார்த்தேனா? விளையாட்டை எழுதியவளுக்கு எந்த எழுத்து எப்போது வரும் என்று தெரியும். தோற்பது எப்படி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வென்றால் என்ன நடக்கும் என்பதை மாற்றினேன். தோற்றால் என்ன நடக்கும் என்ற பக்கம் போகவேயில்லை. அங்கே பூனை அதுபாட்டுக்குப் படுத்திருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பெருநாளுக்குப் போனோம். சனத்தின் பின்னால் நின்றோம். கூடு எங்களைக் கடந்து போனபோது மச்சாள் கைகூப்பினாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை சாவியை எடுத்துக்கொண்டு தலைவரைத் தேடிப் போனேன். கரையில் வள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மனைவியும் கூட இருந்து, வலையில் சிக்கிய பாசியையும் சிப்பியையும் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தா. சாவியை நீட்டினேன். அவர் வாங்கக் கை நீட்டினார். நான் விடவில்லை.

“அண்ணை, முதல் என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கவேணும். இப்ப ஒண்டு கேக்கிறன். நண்டுக்கு ஒரு வலை, றாலுக்கு ஒரு வலை, சூடைக்கு ஒரு வலை வைச்சிருக்கிறியள். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு வள்ளமோ கட்டினீங்கள்?”

“விசர்க் கதை. வள்ளம் ஒண்டுதான்.”

“எனக்கும் வள்ளம் ஒண்டுதான் அண்ணை. கிழமைக்குக் கிழமை வலையைத்தான் மாத்துறன். இந்தமுறை பழைய வலையைத் துப்புரவா எடுக்காமல் கடலுக்குப் போட்டன். மாதாவைப் பகிடி பண்ணவேணுமெண்டு என்ரை மனசிலை இல்லை. என்ரை கவலையீனம்தான் பிழை.”

தலைவர் கையில் இருந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் தலையை நிமிர்த்தினா.

“பிள்ளை, நீங்கள் ரெண்டு பேரும் அதை விளையாடிப் பாக்கேல்லையோ?”

“பாத்தம் அக்கா. எல்லாத்தரமும் வெண்டிட்டம்.”

“அதுதான் பிழை. வெல்லுற ஆக்கள் பாத்து என்ன பிரயோசனம்? தோக்கிற ஒராள் எல்லோ பாக்கவேணும்.” பாசியைக் கிள்ளி எறிந்துவிட்டு, “எனக்கு ஒண்டும் தெரியாது. நான் வந்து பாக்கிறன்” என்றா.

தலைவர் மனைவியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “வியாழக்கிழமை இவ பாத்து ஓமெண்டு சொன்னாத்தான் வெள்ளிக்கிழமை பிள்ளையளுக்குக் காட்டவேணும். நத்தாருக்கு முப்பது. அதிலை மாற்றம் இல்லை.” நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சாவி என்னிடமே இருந்தது. அன்று வகுப்புக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

பெரிய விளையாட்டு நிறுவனங்களில் விளையாட்டை உடைத்துப் பார்ப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள் என்று பிற்காலத்தில் அறிந்தேன். தலைவரின் மனைவி, அந்தக்கா, ஒரு சதம் வாங்காமல் அந்த வேலையைச் செய்தா. வியாழக்கிழமை மத்தியானம் கறிச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு வருவா. யன்னலோரக் கணினியில்தான் உட்காருவா. அவ கை வைத்தால் விளையாட்டுச் செத்துவிடும். உள்ளங்கையால் நாலு விசையை ஒன்றாக அமத்துவா. பஸ் திரையைத் தாண்டி எங்கோ போய்த் திரும்பி வரவே வராது. ஒன்றும் தட்டாமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பா. பனம்பழங்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து திரையே உறைந்துவிடும். ஒரு விளையாட்டில் தோற்கத் தோற்கப் புள்ளி ஏறுவதை அவதான் கண்டுபிடித்தா. “எனக்கு இது நல்லாப் பிடிச்சிருக்கு, மாத்தாதை” என்றா. மாற்றினேன்.

இரண்டாம் வகுப்போடு அவவின் படிப்பை நிறுத்திவிட்டார்களாம். சங்கப் புத்தகத்தில் பெருவிரலில் மை பூசித்தான் அடையாளம் வைப்பா. “இதிலை என்ன எழுதிக்கிடக்கு பிள்ளை?” என்று ஒவ்வொரு தரமும் என்னைக் கேட்பா. ஆட்டம் முடிந்து பெயர் கேட்கும் இடம் வந்தால், “என்ரை பேர் என்னத்துக்கு, விடு” என்று எழும்பிவிடுவா. போகப்போக, கடதாசி ஒட்டிய விசைகளைக் குனிந்து உற்றுப் பார்ப்பதைக் கண்டேன். கண் சரியில்லையாக்கும் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடி வாங்கச் சொல்லிப் புத்தியும் சொன்னேன்.

தலைவரின் மனைவி பார்த்துத்தான் விடுகிறாவாம் என்று ஊரில் கதை போனதும் பிள்ளைகள் திரும்பினார்கள். பன்னிரண்டு பதினெட்டாகி, பதினெட்டு இருபத்துநாலாகியது. வெள்ளிக்கிழமை ஒன்றும் தவறவில்லை. தண்ணீர்க் கான்களோடு சைக்கிள் ஓட்டுவது வந்தது, காரைநகர்ப் படகு வந்தது, மழையோடு மீன் இரண்டாம் பாகம் வந்தது. பூனையைக் காணவில்லையே என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் காது கேட்காதவள் மாதிரி இருந்தேன்.

நத்தாருக்கு முந்திய வியாழக்கிழமை அந்தக்கா வந்து விளையாடினா. நான் மறுபக்கம் ஜெனரேற்றரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனா. வழக்கத்தில் அவ போனபிறகு அந்தக் கணினியைத் திறந்து, திருத்தி, பட்டியலை அழித்துவைப்பேன். அன்று பிழை இல்லாதபடியால் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், பிள்ளைகள் எல்லோரும் விளையாடி முடித்தபின் தலைவர் சங்கப் புத்தகத்தோடு வந்தார். மனைவி வாசலில் நின்றா. நான் வரவுப் பதிவை நீட்டினேன்.

“இது நீர் எழுதினது. பிள்ளையள் எழுதினது ஏதும் இருக்கோ?”

கோபம் வந்தது. ஆனால் நியாயம். “இருக்கு அண்ணை. விளையாடின ஒவ்வொருதரும் தங்கடை பேரைத் தாங்கள்தான் தட்டவேணும். ஒராளுக்கு ஒருக்காத்தான் ஏறும். எண்ணிப் பாருங்கோ.”

ஒவ்வொரு கணினியாகப் போனார். விரலை வைத்து எண்ணினார். முதலாவதில் ஆறு. அடுத்த நாலிலும் ஐந்து ஐந்தாக இருபது. யன்னலோரக் கணினியில் மூன்று.

“இருபத்தொம்பது” என்றார்.

மச்சாள் என் கையைப் பிடித்தாள். யாராவது ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், நாளைக்கு வரும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. முப்பது என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான். சாவியை இடுப்பிலிருந்து எடுத்தேன்.

“இன்னும் கீழை ஒண்டு கிடக்கு” என்றாள் இரட்டைப் பின்னல். எட்டி விசையைத் தட்டினாள். புள்ளி எடுக்காதவர்களை அடுத்த பக்கத்தில் காட்டும்படி எழுதியிருந்தேன், அந்தப் பக்கம் வந்தது. அதில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. புள்ளி பூச்சியம்.

தலைவர் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுத் திரும்பி வாசலைப் பார்த்தார். அந்தப் பெயரில் எங்கள் வகுப்பில் பிள்ளை யாரும் இல்லை.

“ஆர் தட்டினது?”

“நான்தான்” என்றா அவர் மனைவி.

“எப்ப பழகினீர்?”

“வியாழக்கிழமையளிலை.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.”

“நீங்கள் பூனையைப் பாக்கத்தானே என்னை அனுப்பினீங்கள்.”

தலைவர் சிரிக்கவில்லை. கண்ணை மட்டும் ஒருதரம் துடைத்துக்கொண்டார். பிறகு மேசையில் சங்கப் புத்தகத்தை விரித்து, முப்பது என்று எழுதி, தன் கையெழுத்தை வைத்தார். சாட்சி வைக்கும் இடத்தில் வழக்கமாக மை டப்பா வரும். அவர் பேனையை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அந்தக்கா பேனையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் கடதாசி ஒட்டிய விசைகளை எட்டி எட்டிப் பார்த்து, தன் பெயரை எழுதினா.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, “அடுத்த கிழமை என்ன விளையாட்டு விடப்போறாய் பிள்ளை?” என்று கேட்டா. நான் சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டேன். எழுத்துப் பழகிவிட்டா, இனி அவ வெல்லத் தொடங்கிவிடுவா, தோற்றுப் பார்க்க வேறொரு ஆளைத் தேட வேண்டும் என்று நினைத்தேன்.